இருமல் கேட்டால் லைன் சரி

எங்கள் வயர்மேன் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். இருவரும் கையில் டெலிபோனை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் அதைப் பார்த்தே பேசினார்கள். "அங்கிள், இப்ப இந்தக் கம்பெனிக்காரனுங்க நம்ம பேசுறத எல்லாம் கேக்குறானுங்க. கவர்மெண்ட் கேட்டா எடுத்துக் குடுத்துர்றானுங்களாம். உங்க காலத்துல இந்தத் தொல்லை இல்லலா? நிம்மதியா இருந்திருப்பீங்க" என்றான் ஒருவன்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. கிழவன் என்றாலே நிம்மதியாக இருந்தவன் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? "தம்பி, உங்க கம்பெனிக்காரன் எல்லாம் நேத்துப் பொறந்தவன். எங்க முதலாளி எழுபதுகள்லயே தேயிலைத் தோட்டத்துல வீட்டுக்கு வீடு காது வச்சவரு" என்றேன். அப்போதுதான் இருவரும் தலையை நிமிர்த்தினார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவன். கொழுந்து எடுக்க என் கை ஆகாது என்று என் அம்மாவே சொல்லிவிட்டதால், மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் என்னைச் சேர்த்தார்கள். அங்கே பாடம் என்று ஒன்றும் கிடையாது. தொடக்கூடாத இடத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கும். அடித்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நாலைந்து வருடம் இப்படி அடிபட்டு, மலைக்குத் திரும்பி, பிரிஞ்சாங் டவுனில் மிஸ்டர் தானியேலிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

மிஸ்டர் தானியேலை அறியாத பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒல்லி மனிதர். வெயில் அடித்தாலும் கழுத்தில் சாம்பல் நிற மஃப்ளர். கோட்டுப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், இன்னொரு பையில் ஜெபமாலை. யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். மஃப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றுவார். ஒரு சுற்றுச் சுற்றினால் 'பார்ப்போம்' என்று வரும். இரண்டு சுற்று என்றால் வரப்போவது பொய். மூன்று சுற்றுச் சுற்றி நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அந்தக் கதைதான் இது.

அவருடைய தொழில், கம்பி வழியாக ரேடியோ. எங்கள் தோட்டம் பள்ளத்தில் இருந்தது. சாதாரண ரேடியோவை முறுக்கினால் பாட்டு வராது, பன்றிக்குட்டி கத்துகிற சத்தம்தான் வரும். முதலாளி மலை உச்சியில் ஏரியல் நட்டு, தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் மிஷினை வைத்து, அங்கிருந்து கம்பி இழுத்து வீட்டுக்கு ஒரு பெட்டி மாட்டினார். மாதவாடகையில் ஒரு பங்கைத் தோட்டத்துத் துரை கட்டிவிடுவார். ஏனென்றால் பெரட்டு நேரம் மாறினால், அதாவது விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் நேரம் மாறினால், அதையும் அந்தப் பெட்டியிலேயே அறிவிக்கலாம். அறிவிப்புக் குரல் முதலாளியுடையதுதான். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுப் பேசுகிறவர் மாதிரிப் பேசுவார்.

துரைக்கும் நல்லவர், சங்கத்துக்கும் நல்லவர், கோயிலுக்கும் மாதா சுரூபத்துக்கும் நல்லவர். இப்படி எல்லாருக்கும் நல்லவராக இருந்து யாராவது பிழைத்ததுண்டா? முதலாளி பிழைத்தார். ஒருமுறை தொழிற்சங்கத்துக்காரர்கள், எங்கள் கூட்டத்தை அறிவி, இல்லாவிட்டால் எல்லாப் பெட்டியும் உன் வாசலுக்கு வந்துவிடும் என்றார்கள். அதை அறிவித்தால் உன் கம்பியை அறுத்துவிடுவேன் என்றார் துரை. முதலாளி ஒரு சுற்றுச் சுற்றினார். அன்று மாலை வானிலை அறிக்கை வந்தது. "இன்று ஐந்து மணிக்கு மேல் மழை இராது. ஆகவே மாரியம்மன் கோயில் பக்கம் நாலு பேர் கூடி நிற்பதற்கு உகந்த பொழுது." துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்ன பெரிய கிராணி, அலுவலகக் கணக்கர் அவர், "மழை வராதாம் சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பேச்சுரிமை என்று நீங்கள் புத்தகத்தில் படிக்கிறீர்களே, அது எங்கள் ஊரில் வானிலை அறிக்கையில்தான் வரும்.

இப்போது மிஷினுக்கு வருகிறேன். அது புதியதில்லை. பிரிஞ்சாங்கில் மூடிப்போன ஓர் ஓட்டலிலிருந்து வாங்கியது. அந்த ஓட்டலில் அறைக்கு ஒரு பெட்டி. படுத்தபடியே "ரெண்டு டீ" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னால் கீழே கேட்கும். பாட்டுப் பாடுகிற பெட்டியேதான் சுவிட்சைத் திருப்பினால் காதாகவும் மாறும். பலகையில் அறைக்கு ஒன்றாகத் திருகுச் சாவிகள் வரிசையாக இருந்தன, நாங்கள் அவற்றை வீட்டுக்கு ஒரு சாவி ஆக்கினோம். ஓரத்தில் ஒரு சிவப்புச் சாவி. ஓட்டலில் தீப்பிடித்தால் எல்லா அறைக்கும் ஒரே நேரத்தில் கத்துவதற்கு.

இந்தக் காதை நாங்கள் ஒரு வேலைக்கு மட்டும்தான் வைத்திருந்தோம். தினமும் இருட்டு விலகுமுன், பெரட்டுக்கு முன்னால், லைன் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் வீடு வீடாக நடந்தால் அட்டைக்கு இரத்ததானம் செய்ய வேண்டியதுதான். ஆகவே ஒவ்வொரு சாவியாகத் திருப்பி, காதில் ஹெட்போனை வைத்துக் கேட்பேன். அந்தக் குளிரில் எந்த வீட்டிலாவது யாராவது ஒருவர் இருமாமல் இருப்பாரா? இருமல் கேட்டால் லைன் சரி. உடனே சாவியைத் திருப்பிவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு மூச்சு கூடக் கேட்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை.

"இருமலுக்கு முதலாளி நாம. பேச்சுக்கு முதலாளி அவுங்க. புரியுதா மாரி?"

"புரியுதுங்கய்யா."

"புரியலன்னாலும் பரவால்ல. பேச்சக் கேட்டன்னு வையி, நாளைக்கு ஒருத்தன் சாட்சி சொல்லக் கூப்பிடுவான். நீ கோர்ட்டுக்குப் போயிட்டா கடைய யாரு பாக்குறது?"

கொள்கையும் கடையும் அவருக்கு ஒரே கயிற்றில்தான் கட்டியிருந்தன. எனக்கோ சில மாதங்களில் தோட்டத்து இருமல் எல்லாம் மனப்பாடம். இரண்டாம் லயத்துப் பெருமாள் இருமினால் லோரி மேட்டில் ஏறுகிற மாதிரி இருக்கும். பெரிய கிராணி இருமல்கூட இங்கிலீஷில்தான் இருமுவார். நாலாம் லயத்துக் கடைசி வீட்டில் மட்டும் ஒரு விசேஷம். முதலில் நெஞ்சுக்கடியிலிருந்து ஒரு கனத்த ஆண் இருமல் வரும். அதன் மேலேயே அவசரமாக ஒரு பெண் இருமல் ஏறி அதை மூடும். பெண் இருமல், கொழுந்து எடுக்கும் பாக்கியம் அக்காவுடையது. ஆண் இருமல் அவருடைய புருஷன் சின்னசாமியுடையது.

சின்னசாமி அந்த வீட்டில் இருக்கவே கூடாத ஆள். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. அப்போது சிவப்புக் கார்டுக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்து, எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறின. சின்னசாமி கைக்குழந்தையாக வந்தவர். அவருக்கு இந்தியாவில் தெரிந்த ஒரே ஆள் காலண்டரில் இருக்கும் முருகன்தான். பெர்மிட் கிடைக்கவில்லை. ஊருக்குப் போய்விட்டார் என்று பாக்கியம் அக்கா எல்லாரிடமும் சொல்லி அழுதார். அழுது முடித்து, வீட்டுக்குள் போய்ப் புருஷனுக்குச் சோறு போட்டார். சின்னசாமி இருட்டோடு திரிங்காப் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்துக்குப் போய், இருட்டோடு திரும்புவார். நாலாம் லயம் முழுவதற்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். நம் ஆள்தான், நன்றாகத் தமிழ் பேசினார். எந்த இலாகா என்று அவரும் சொல்லவில்லை, முதலாளியும் கேட்கவில்லை. விருந்தொன்றில் துரை மிஷினைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறார். அந்தப் பேச்சு மலைக்குக் கீழே அரசாங்க ஆபீஸ் வரைக்கும் போயிருக்கிறது.

"மிஸ்டர் தானியேல், ஒங்க பெட்டிக்கு ரெண்டு பக்கமும் வேலை செய்யத் தெரியுமாமே? லயத்துல யாரு யாரு வீட்ல கூட்டம் நடக்குது, என்ன பேசிக்கிறானுங்கன்னு எனக்குத் தெரியணும். கொஞ்ச நாளைக்கு இங்க ஒக்காந்து கேக்கப் போறேன்."

"அது வந்து சார், ஜனங்க வாடகை குடுக்குறாங்க, அவுங்க வீட்டுப் பேச்சு..."

"லைசென்ஸ் இந்த மாசந்தான புதுப்பிக்கணும்?" என்றார் அதிகாரி, ரொம்பப் பிரியமாக.

முதலாளி மஃப்ளரை அவிழ்த்தார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றும் சுற்றி முடித்து, "தாராளமா கேளுங்க சார். கவர்மெண்டுக்கு இல்லாத காதா?" என்றார்.

அதிகாரி டீ குடிக்கப் போன இடைவெளியில் நான் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஐயா, நாலாம் லயம் கடைசி வீட்ல..."

"சொல்லாத! தெரிஞ்சா நான் சொல்லித் தொலைக்கணும். தெரியலன்னா நான் நல்லவன்." சட்டென்று சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த லைசென்ஸைக் கழற்றிப் படிக்க ஆரம்பித்தார். அத்தனை வருடத்தில் அவர் அதைத் துடைத்துத்தான் பார்த்திருக்கிறேன். அவர் படித்து அன்றுதான் பார்த்தேன்.

மாலையில் எல்லாரும் வேலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரம். அதிகாரி ஹெட்போனை மாட்டி, பென்சில் சீவித் தயாராக உட்கார்ந்தார். முதலாளி மைக்கை எடுத்தார். "அன்பான வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்று முதல் உங்கள் பெட்டிகள் சோதனை செய்யப்படும். நீங்கள் வீட்டில் பேசுவது மிஷின் அறையில் கேட்கும். அரசாங்க அதிகாரி ஒருவர் அன்புகூர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். வணக்கம்."

அதிகாரி ஹெட்போனோடு எழுந்ததில் வயர் இழுத்து மறுபடி உட்கார வேண்டியதாயிற்று. "யோவ்! என்னய்யா பண்ணிட்ட?"

"பத்தாவது நிபந்தனை சார். எந்தச் சோதனையானாலும் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே அறிவிக்கணும்னு போட்டிருக்கு. கவர்மெண்டு போட்ட சட்டம். நான் மீறலாமா?"

அதிகாரி பல்லைக் கடித்தார். ஆனாலும் எழுந்து போகவில்லை. "பேசாம எவ்ளோ நாள் இருப்பானுங்க? நாலு நாள்ல மறந்துருவானுங்க" என்றார்.

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், பயத்தில் வாயை மூடிக்கொள்வார்கள் என்று. எங்கள் தோட்டத்து ஜனங்களை நாங்களே புரிந்துகொள்ளவில்லை. அவர்களுக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அரசாங்கத்து ஆள் ஒருவர் வந்திருக்கிறார், நாம் பேசுவதைக் கேட்கிறார்!

முதல் சாவியைத் திருப்பியதுமே, "ஐயா, வணக்கமுங்க. சாப்டீங்களா?" என்றது ஒரு குரல். அடுத்த வீட்டில், குழாயில் தண்ணீர் வராத கதை. அதற்கடுத்த வீட்டில், ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே சிவப்புத் தண்ணியைக் கொடுப்பதாக. பெருமாள் தன் கூரை ஒழுகுவதை, பெட்டிக்கு அடியில் பாத்திரத்தை வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கேட்க வைத்தார். மூன்றாம் லயத்தில் இரண்டு பெண்கள் ஒரு கோழிக்கு உரிமை கொண்டாடி, தீர்ப்பு சொல்லச் சொன்னார்கள். சாட்சிக்கு அந்தக் கோழியையே பெட்டி முன்னால் தூக்கிப் பிடித்துக் கத்த விட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆத்திசூடி ஒப்பித்தார்கள். தொழிற்சங்கச் செயலாளர் மட்டும் என்ன செய்தார்? கூட்டத்தையே தன் வீட்டில் போட்டு, "ஐயாவும் கலந்துக்கிட்டதுக்கு நன்றி" என்று சொல்லி முடித்தார்.

அதிகாரிக்குக் 'காது ஐயா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் வழியில் நடந்தால் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக் கும்பிடுவார்கள். "நேத்து நான் சொன்னது விழுந்துச்சுங்களா ஐயா?" என்பார்கள். அவர் பென்சில் தேய்ந்தது, தாளில் இருந்ததெல்லாம் கூரையும் குழாயும். ஒருநாள் ஹெட்போனைக் கழற்றாமலே என்னிடம், "மாரி, அந்தக் கோழி யாரோடதுய்யா உண்மையில?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலாம் லயத்துக் கடைசிச் சாவியை மட்டும், சின்னசாமி திரிங்காப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்துத் திருப்புவேன். மற்ற நேரம் "லைன் கோளாறு சார்" என்று தாண்டிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காது ஐயா தானே கையை நீட்டி அந்தச் சாவியைத் திருப்பிவிட்டார். ஹெட்போன் சலித்துப்போய் அன்று மேஜை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை திரிங்காப்பில் வேலை கிடையாது.

அந்த இருமல் அறை முழுக்க வந்தது. கனத்த, நிற்காத இருமல். பாக்கியம் அக்கா மேலே இருமி மூடப் பார்த்தார், முடியவில்லை.

"இங்க ஒரு பொம்பளையும் பிள்ளைங்களுந்தான இருக்கிறதா லிஸ்டுல இருக்கு?" என்றார் காது ஐயா. பென்சிலை எடுத்துவிட்டார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி ஜெபமாலையைப் பார்த்தார்.

அப்போது இருமல் நின்று, பாக்கியம் அக்காவின் குரல் பெட்டிக்கு வெகு அருகில் கேட்டது.

"ஐயா, இருக்கீங்களா? எல்லாரும் சொல்றாங்க, நானும் சொல்லிர்றேன். இருமுறது எம் புருஷன் சின்னசாமி. ஊருக்குப் போகல. பெர்மிட் தர மாட்டேன்னுட்டாங்க. கைப்புள்ளையா வந்த மனுசன், எந்த ஊருன்னு போவாரு? தேயிலச் செடியக் கவ்வாத்து வெட்டுறதுல இந்தத் தோட்டத்துல அவர மிஞ்ச ஆளு கெடையாது. இப்ப திருடன் மாதிரி இருட்டுல போறாரு, இருட்டுல வர்றாரு. புள்ளைங்க பள்ளிக்கூடத்துல அப்பா இல்லன்னு பொய் சொல்லுதுங்க. எனக்கு மூடி மூடி இருமி நெஞ்சே போச்சுங்கய்யா. ஒங்க காதுல போட்டுட்டேன். இனிமே நீங்க பாத்துக்குங்க."

காது ஐயா பென்சிலைப் பிடித்தபடியே இருந்தார், எழுதவில்லை. யாரையும் பார்க்காமல் சொன்னார்: "எங்க பெரியப்பாவும் சிவப்புக் கார்டுதான். நாகப்பட்டணத்துல எறங்கிட்டேன்னு ஒரு காயிதம் போட்டாரு. அதோட சரி."

"ஐயா, பதிலு சொல்லுங்கய்யா" என்றது ஸ்பீக்கர்.

அவர் மைக்கைப் பிடித்துக் கையில் பட்ட சாவியைத் திருப்பினார். அது சிவப்புச் சாவி. தோட்டத்தில் உள்ள எல்லா வீட்டிலும், கிராணி வீட்டிலும், துரை பங்களாவிலும், அவர் குரல் முதன்முதலாகக் கேட்டது.

"அம்மா, லைன் சரியில்ல. எனக்கு ஒண்ணும் கேக்கல."

அடுத்த நொடியே பதில் வந்தது. "கேக்கலைங்களா? சரிங்கய்யா, மறுபடியும் சொல்றேன். இருமுறது எம் புருஷன் சின்னசாமி..."

காது ஐயா பாய்ந்து மிஷினையே நிறுத்தினார். வியர்த்துக் கொட்டியது, அந்தக் குளிரில். "மிஸ்டர் தானியேல், இந்த மிஷின் எதுக்கும் ஒதவாது, இருமலத் தவிர ஒண்ணும் கேக்க மாட்டேங்குதுன்னு மேல எழுதப் போறேன். அந்தக் காதுச் சுவிட்ச சீக்கிரம் கழட்டி வீசிருங்க." தாள்களைச் சுருட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். லைசென்ஸ் அந்த மாதமே புதுப்பிக்கப்பட்டு வந்தது. முதலாளி ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

மறுநாள் விடியலில் நான் பெரட்டுக் களத்துப் பக்கம் போனபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை. கவ்வாத்துக் கத்தியோடு வரிசையில் சின்னசாமி நிற்கிறார்! ஓடிப்போய், "அண்ணே, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றேன்.

"என்னா மாரி, கவர்மெண்டுகிட்ட சொல்லியாச்சுல்ல? ஒங்க அக்கா ரெண்டு தடவ சொன்னா" என்றார்.

பெரிய கிராணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பாக்கியம் சொன்ன கதை முந்தின நாளே லயமெல்லாம் சுற்றி அவர் காதுக்கும் வந்திருந்தது. கேட்கவில்லை என்று அதிகாரி சொன்னாலும் பாக்கியம் மறுபடி சொல்லியிருக்கிறார், அவர் பிடிக்காமல் போயிருக்கிறார், அப்படியென்றால் மேலிடத்துச் சம்மதம் இருக்கிறது. கிராணி பெயரைச் சேர்த்துக்கொண்டார். கிராணியே சேர்த்திருக்கிறார், தீர விசாரித்திருப்பார் என்று துரை நினைத்தார். நல்ல கவ்வாத்துக்காரன் தோட்டத்துக்கு வேண்டும் என்று பெர்மிட்டுக்கு எழுதினார். துரையே எழுதியிருக்கிறார் என்று ஆபீசில் முத்திரை குத்தினார்கள். ஒருவரை ஒருவர் நம்பி அரசாங்கம் நடப்பதை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அந்தத் திங்கட்கிழமையே நாங்கள் காதுச் சுவிட்சைக் கழற்றி, இனி உங்கள் பேச்சு யாருக்கும் கேட்காது, தைரியமாக இருங்கள் என்று அறிவித்தோம். ஜனங்கள் வாழ்த்துவார்கள் என்று முதலாளி எதிர்பார்த்தார். அன்று வேலை முடிந்ததும் நாலு லயத்துப் பெண்களும் கொழுந்துக் கூடையோடு மிஷின் அறை வாசலுக்குத் திரண்டு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றது பாக்கியம் அக்கா. அவ்வளவு கோபமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"ஏன்யா, எங்க பேச்சக் கேக்குறதுக்குன்னு கவர்மெண்டு ஒரு ஆளு போட்டிருந்துச்சு. எம் பாட்டன் காலத்துலேருந்து இப்பதான் ஒருத்தரு ஒக்காந்து கேட்டாரு. அவரையும் தொரத்திட்டீங்களே! இனிமே எங்க கூரைய யாருகிட்ட சொல்றது, ஒங்ககிட்டயா?"

முதலாளியின் கை மஃப்ளருக்குப் போயிற்று. அதை அவிழ்க்காமலே திரும்பி என்னைப் பார்த்தார். கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, சுவிட்சைத் திரும்ப மாட்டும்வரை எழமாட்டோம் என்று பெண்கள் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள்.